நீங்கள் தினமும் கடந்துபோகும் சுவர்களுக்குப் பின்னால்: சிங்கப்பூர் வரலாற்றில் தடம் பதித்த கத்தோலிக்கர்கள்

'கிரேஸி ரிச் ஏஷியன்ஸ்' படம் பார்த்திருக்கீங்களா? மணப்பெண் தண்ணீரில் நடந்து வருகிற அந்தத் திருமணக் காட்சி நினைவிருக்கா? அது எடுக்கப்பட்டது விக்டோரியா ஸ்ட்ரீட்டில் இருக்கும் சைம்ஸ் மண்டபத்தில்.

இன்றைக்கு அது கல்யாணத்துக்கும் விருந்துக்கும் வாடகைக்குக் கிடைக்கும் இடம். 1904இலிருந்து 1983 வரை அது ஒரு கான்வென்டின் சிற்றாலயம். அதே வளாகத்தின் சுற்றுச்சுவரில் ஒரு சிறிய வாசல் இருந்தது. வளர்க்க முடியாத, வளர்க்க விரும்பாத பச்சிளங்குழந்தைகளைப் பெற்றோர் அங்கே விட்டுவிட்டுப் போவார்கள். அதற்கு 'நம்பிக்கை வாசல்' என்று பெயர்.

பிராஸ் பாசா எம்ஆர்டி நிலையத்திலிருந்து பத்து நிமிட நடைத் தொலைவுக்குள் இப்படி இன்னும் பல இடங்கள் இருக்கின்றன. பெரும்பாலானவற்றைத் தொடங்கியவர்கள் கத்தோலிக்கர்கள். அவர்களில் பலர் இங்கே பிறக்கவில்லை. பலருடைய பெயர் நம் பாடப்புத்தகத்தில் இல்லை.

யார் அவங்க? எதற்காக வந்தாங்க? என்ன விட்டுட்டுப் போனாங்க? பார்க்கலாம்.

முதலில் எத்தனை பேர் இருந்தார்கள்?

ராஃபிள்ஸ் இங்கு வந்து இறங்கியது 1819இல். இரண்டே ஆண்டில், 1821 டிசம்பரில், லோரோன் இம்பேர் என்ற இளம் பிரெஞ்சுப் பாதிரியார் கிழக்கு நோக்கிய பயணத்தின் நடுவே சில நாள் இங்கே தங்கினார். அப்போது தீவில் இருந்த கத்தோலிக்கர்கள் 12 அல்லது 13 பேர்தான் என்று அவர் எழுதினார். ஒரு பேருந்தில் பாதி இருக்கைகூட நிரம்பாது!

2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, 15 வயதும் அதற்கு மேலும் உள்ள சிங்கப்பூர்வாசிகளில் 7 விழுக்காட்டினர் கத்தோலிக்கர்கள். பார்த்தால் சிறிய பங்குதான். ஆனால் பள்ளி, மருத்துவமனை, கலைக்கல்லூரி, அறநிதி என்று நகரத்தின் பல மூலைகளில் அவர்களுடைய கைவண்ணம் தெரியும்.

டி அல்மெய்டா: மருத்துவர், வணிகர், தோற்றுப்போன விவசாயி

ராஃபிள்ஸ் பிளேஸ் அலுவலகக் கட்டடங்களுக்கு நடுவே டி அல்மெய்டா ஸ்ட்ரீட் என்று ஒரு குட்டித் தெரு இருக்கிறது. மதிய உணவு நேரத்தில் ஆயிரக்கணக்கானோர் அதைக் கடந்து போகிறார்கள். ஆனால் யார் இந்த டி அல்மெய்டா?

ஜோசே டி அல்மெய்டா போர்ச்சுகலைச் சேர்ந்த அறுவை மருத்துவர். மக்காவில் பணியாற்றியவர், 1825இல் சிங்கப்பூரில் குடியேறினார். மருந்தகத்தோடு தொடங்கி, பிறகு பெரிய வணிகராக வளர்ந்தார். அப்போது இங்கே கத்தோலிக்கத் தேவாலயம் எதுவும் கிடையாது. போர்ச்சுகீசியப் பாதிரியார் மாயா, பீச் ரோட்டிலிருந்த அல்மெய்டாவின் வீட்டில்தான் வழிபாடு நடத்தினார்.

அவருக்கு விவசாயச் சோதனைகளிலும் ஆசை. பருத்தி உள்பட என்னென்னவோ நட்டுப் பார்த்தார். இந்த மண்ணுக்குப் பருத்தி சரிப்பட்டு வரவில்லை.

ஆனால் ஒன்று பலித்தது. மலாய்க்காரர்கள் நெடுங்காலமாகப் பயன்படுத்தி வந்த கட்டாபெர்ச்சா என்ற மரப்பாலின் மாதிரியை 1843இல் அவர் லண்டனுக்குக் கொண்டுபோய், அங்குள்ள ஆசியவியல் கழகத்திடம் கொடுத்தார். அதே காலத்தில் டாக்டர் மொன்ட்கொமரி என்பவரும் அதை ஐரோப்பாவுக்கு அறிமுகம் செய்தார். கடலடியில் தந்திக் கம்பி பதிக்க வேண்டுமானால், உப்புநீர் உள்ளே போகாதபடி கம்பிக்கு ஓர் உறை வேண்டும். அதற்குப் பொருத்தமாக அமைந்தது இந்த மரப்பால்தான். கண்டங்களைக் கடலடிக் கம்பிகள் இணைத்த கதையில் சிங்கப்பூருக்கும் ஒரு பங்கு உண்டு என்பது இதனால்தான்.

பேராலயத்துக்குப் பெயர் கொடுத்த கடிதம்

1821இல் இங்கே சில நாள் தங்கிய இம்பேரை ஞாபகம் வெச்சுக்கோங்க. அவர் பிறகு சீனாவுக்கும், அங்கிருந்து கொரியாவுக்கும் போனார். கொரியாவில் அப்போது கிறிஸ்துவ சமயத்துக்குத் தடை. அவர் அங்கே ஆயராக ரகசியமாகப் பணியாற்றினார்.

1839இல் பிடிபட்டார். வெளியில் மறைந்திருந்த இரண்டு பிரெஞ்சுப் பாதிரியார்களைத் தேடி அதிகாரிகள் உள்ளூர் மக்களை வதைத்தார்கள். மக்கள் மேலும் துன்பப்படக் கூடாது என்று அந்த இருவரையும் சரணடையச் சொல்லி இம்பேர் ஒரு குறிப்பு அனுப்பினார். நெருக்கடி முற்றும்போது நல்ல மேய்ப்பன் தன் மந்தைக்காக உயிரைக் கொடுப்பான் என்பது அதன் சாரம். இருவரும் சரணடைந்தார்கள். அந்த ஆண்டு செப்டம்பரில் மூவருக்கும் மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது.

சில ஆண்டு கழித்து சிங்கப்பூரில் ஒரு தேவாலயம் எழுந்தபோது, அவரது நினைவாக அதற்கு 'நல்லாயன்' என்று பெயர் சூட்டினார்கள். ஆயன் என்றால் மேய்ப்பன். குவீன் ஸ்ட்ரீட்டில் இன்றும் நிற்கும் நல்லாயன் பேராலயம் அதுதான். அடிக்கல் நாட்டியது 1843இல், திறந்தது 1847இல். சிங்கப்பூரில் இன்றுள்ள கத்தோலிக்கத் தேவாலயங்களில் ஆகப் பழையது.

அண்மையில் நடந்த மறுசீரமைப்புப் பணியின்போது அடிக்கல்லுக்குக் கீழே ஒரு காலப்பெட்டகம் கிடைத்தது. 1843ஆம் ஆண்டு நாளிதழ்களும் நாணயங்களும் அதில் இருந்தன. 170 ஆண்டுக்கும் மேலாக யாரும் தொடாத நாளிதழ்!

பெரெல்: நிலம் கிடைக்கவில்லையா, நானே வாங்குறேன்

அந்தப் பேராலயத்தைக் கட்டி முடித்தவர் ஷான்-மாரி பெரெல். பிரெஞ்சுப் பாதிரியார். 1839இல் 26 வயதில் இங்கு வந்தார். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பெயரை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும் என்றால், இவர் பெயரை வைத்துக்கொள்ளுங்கள்.

காசு திரட்டுவதில் மனிதர் கெட்டிக்காரர். பிரான்ஸ் அரசி, மணிலா பேராயர் என்று யாரையும் அவர் விடவில்லை, எல்லாரும் நன்கொடை அனுப்பினார்கள். தேவாலயம் முடிந்ததும் அவர் கவனம் பள்ளிக்கூடத்தின் பக்கம் திரும்பியது. துறைமுக நகரம் வேகமாக வளர்கிறது. ஆனால் ஏழைப் பிள்ளைகள் எங்கே படிப்பது?

அவர் பிரான்ஸுக்கே திரும்பிப் போய் ஆள் திரட்டினார். 1852இல் டி லா சால் சபையின் துறவுச் சகோதரர்களை அழைத்து வந்தார். பிராஸ் பாசா ரோட்டில், பழைய சிற்றாலயம் இருந்த இடத்தில் ஆண்பிள்ளைகளுக்கான பள்ளி தொடங்கியது. அதுதான் செயின்ட் ஜோசப்ஸ் கல்விநிலையம். முன்னாள் அதிபர் டோனி டான் அங்கே படித்தவர்.

பெண்பிள்ளைகளுக்கு? அரசாங்கத்திடம் நிலம் கேட்டார், கிடைக்கவில்லை. எதிரே இருந்த கால்ட்வெல் இல்லத்தைத் தன் சொந்தப் பணத்தில் வாங்கினார்.

(தமிழ் வகுப்பில் கால்டுவெல் என்ற பெயரைக் கேட்டிருப்பீங்க. அவர் வேறு, இவர் வேறு! இந்தக் கால்ட்வெல், நீதிமன்றத்தில் வேலை பார்த்த ஒரு மூத்த எழுத்தர். ஜார்ஜ் கோல்மன் வடிவமைத்த அந்த வீடு 1840களின் தொடக்கத்தைச் சேர்ந்தது.)

பெரெல் ஏறக்குறைய 30 ஆண்டு இங்கே உழைத்தார். உடல்நலம் குன்றி பிரான்ஸ் திரும்பியவர் 1872இல் காலமானார். அவர் தொடங்கிய இரண்டு பள்ளிகளும் இன்றும் இயங்குகின்றன.

மத்தில்ட் ராக்லோ: வாசலில் விடப்பட்ட பிள்ளைகளின் தாய்

வீடு தயார். நடத்த ஆள் வேண்டுமே? 1854 பிப்ரவரியில் பினாங்கிலிருந்து நான்கு கன்னியாஸ்திரிகள் வந்து சேர்ந்தார்கள். தலைமை ஏற்றவர் அன்னை மத்தில்ட் ராக்லோ. அப்போது அவருக்குச் சுமார் 40 வயது.

வந்து சில நாளிலேயே வகுப்புகள் தொடங்கின. கட்டணம் கட்டக்கூடிய மாணவிகள் ஒரு பக்கம், ஆதரவற்ற பிள்ளைகள் இன்னொரு பக்கம். முன்னவர்களின் கட்டணமும், கன்னியாஸ்திரிகள் தைத்து விற்ற கைவேலைப் பொருள்களும் பின்னவர்களுக்குச் சோறு போட்டன.

கொஞ்ச நாளில் நம்பிக்கை வாசலில் குழந்தைகள் வரத் தொடங்கின. பெரும்பாலும் பெண்குழந்தைகள். காரணம் வறுமை, நோய், ஆண்பிள்ளை ஆசை. புலி ஆண்டில் பிறந்த பெண் குடும்பத்துக்கு ஆகாது என்ற நம்பிக்கையும் சேர்ந்துகொண்டது. கூடையில், துணியில், சில நேரம் பழைய செய்தித்தாளில் சுற்றிக்கூட விடப்பட்டார்கள். வரும்போதே நலிந்திருந்த பல பிள்ளைகள் பிழைக்கவில்லை. பிழைத்தவர்கள் அங்கேயே படித்து, தையல் பழகி, வளர்ந்தார்கள்.

ராக்லோ 1872இல் தமது 58ஆம் வயதில் ஜப்பானுக்குப் போனார். அங்கும் பள்ளி, அங்கும் அநாதை இல்லம். 1911இல் யோகோஹாமாவில் காலமானார்.

கான்வென்ட் பள்ளி 1983இல் தோ பாயோவுக்கு இடம்மாறியது. 1990களில் பழைய வளாகம் சைம்ஸ் ஆனது. எதிரே இருந்த செயின்ட் ஜோசப்ஸும் 1988இல் மால்கம் ரோட்டுக்குப் போனது. அந்தக் கட்டடத்தில் 1996இல் சிங்கப்பூர்க் கலை அரும்பொருளகம் திறந்தது. அதன் வளைந்த பக்கவாட்டுக் கட்டடங்களையும் சைம்ஸ் சிற்றாலயத்தையும் வடிவமைத்தவர் ஒருவரே: பாதிரியார் ஷார்ல் நேன். அடுத்த தடவை அந்தப் பக்கம் போனால், இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்க.

'மதம் பரப்பத்தானே வந்தாங்க?'

இந்தக் கேள்வி உங்களுக்கு வந்திருக்கும். வரணும்.

ஆமாம், அதற்காகத்தான் வந்தார்கள். அதை அவர்கள் ஒளிக்கவும் இல்லை. கான்வென்டில் வளர்ந்த ஆதரவற்ற பிள்ளைகள் கத்தோலிக்கராகவே வளர்க்கப்பட்டார்கள். பெற்றோரின் சமயம் என்ன என்று கேட்க அங்கே பெற்றோர் இல்லை. பிரிட்டிஷ் ஆட்சி ஏழைகளுக்குப் பெரிதாக எதையும் செய்யாத காலத்தில், அந்த இடைவெளியில்தான் சமயப் பணியாளர்கள் நுழைந்தார்கள் என்பதும் உண்மை.

இன்னொரு பக்கமும் உண்டு. பள்ளிக்கூடங்களின் கதவு மற்றச் சமயத்தாருக்கும் திறந்திருந்தது. சீனர், இந்தியர், யுரேசியர், யூதர் என்று பல வீட்டுப் பிள்ளைகள் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். உங்கள் அம்மாவோ பாட்டியோ கான்வென்டில் படித்திருந்தால் கேட்டுப் பாருங்கள். இந்துவாக உள்ளே போய் இந்துவாகவே வெளியே வந்தவர்கள் நம் சமூகத்தில் ஏராளம்.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் வரலாறு முழுசா தெரியும்.

தமிழ் எங்கே வருகிறது?

இங்கேதான்.

19ஆம் நூற்றாண்டில் இங்கு வந்த தமிழர்களில் கத்தோலிக்கர்களும் இருந்தார்கள். அவர்களுக்கென்று தனித் தேவாலயம் கிடையாது. பேராலயத்தில் ஐரோப்பியரும் யுரேசியரும்தான் அதிகம். சீனர்களும் தமிழர்களும் ஒதுங்க இடம் தேடினார்கள்.

அவர்களுக்குக் கைகொடுத்தவர் பியேர் பாரி. இவரும் பிரெஞ்சுப் பாதிரியார். 1850களில் இங்கு வந்தார். இவரிடம் ஒரு சிறப்பு இருந்தது: சீனமும் பேசுவார், தமிழும் பேசுவார். இவருடைய முயற்சியில் குவீன் ஸ்ட்ரீட்டில் புனித பேதுரு, பவுல் தேவாலயம் 1870இல் எழுந்தது. சீனரும் தமிழரும் அந்த ஒரே கூரையைப் பகிர்ந்துகொண்டார்கள்.

கூரை ஒன்று, மொழி வேறு. பிரசங்கம் டியோசூவில் நடந்தால் தமிழருக்குப் புரியாது, தமிழில் நடந்தால் சீனருக்குப் புரியாது. கத்தோலிக்க வழக்கத்தில் பாவமன்னிப்பு என்று ஒன்று உண்டு. மனத்தை உறுத்துவதைப் பாதிரியாரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அரைகுறையாகத் தெரிந்த மொழியில் அதை எப்படிச் சொல்வது? ஆங்கிலத்தில் படித்து, ஆங்கிலத்தில் வேலை பார்த்து, கோபமோ அழுகையோ வந்தால் மட்டும் தமிழுக்கு மாறும் உங்களுக்கு இது சொல்லாமலே புரியும்.

பாரி 1883இல் காலமானார். தமிழருக்குத் தனித் தேவாலயம் கட்டும் பணியை ஷோவாக்கிம் மெனூவ்ரியே என்ற பாதிரியார் ஏற்றார். ரோச்சோர் வட்டாரத்தில் ஓஃபிர் ரோட்டில் 1886இல் அடிக்கல் நாட்டப்பட்டது, 1888இல் லூர்து மாதா தேவாலயம் திறந்தது. பிரான்சின் லூர்து நகரத்துப் பேராலயத்தை மாதிரியாகக் கொண்ட கட்டடம். தமிழ்க் கத்தோலிக்கர்களுக்காக இங்கு எழுப்பப்பட்ட முதல் தேவாலயம் அது.

பிரெஞ்சுக்காரருக்குத் தமிழ் எப்படித் தெரியும்னு யோசிக்கிறீங்களா? இங்கு வந்த பாதிரியார்கள் பாரிஸ் வெளிநாட்டு மிஷன் சபையைச் சேர்ந்தவர்கள். அதே சபை 18ஆம் நூற்றாண்டிலிருந்தே புதுச்சேரியிலும் பணியாற்றி வந்தது. தமிழ் கற்பது அந்தச் சபைக்குப் புதிது இல்லை.

லூர்து மாதா தேவாலயம் பிற்காலத்தில் எல்லா இனத்தவருக்கும் பொதுவான பங்காக மாறியது. ஆனால் இன்றும் அங்கே தமிழில் திருப்பலி நடக்கிறது. 2005இல் அது தேசிய நினைவுச்சின்னமானது.

டெவால்ஸ்: தோல்வியிலும் கூடவே இருந்தவர்

எல்லாக் கதையும் வெற்றிக்கதை இல்லை.

ஜப்பானிய ஆட்சிக்காலம். சிங்கப்பூரில் அரிசிக்குத் தட்டுப்பாடு. ஊரைவிட்டு மக்களை வெளியே அனுப்பி, காட்டைத் திருத்திப் பயிர்செய்ய வைப்பது ஜப்பானியர் திட்டம். சீனர்களை ஜொகூரின் எண்டாவுக்கு அனுப்பினார்கள். யுரேசியர்களையும் சீனக் கத்தோலிக்கர்களையும் நெகிரி செம்பிலானின் பஹாவுக்கு அனுப்ப முடிவானது.

அப்போது ஆயராக இருந்தவர் ஏட்ரியன் டெவால்ஸ். குடியிருப்பைத் தலைமையேற்று நடத்தச் சம்மதித்தார். சிங்கப்பூரில் ஜப்பானிய ராணுவக் காவல்துறையின் கண்காணிப்பில் தவிப்பதைவிட அங்கே மக்கள் கொஞ்சம் நிம்மதியாக இருக்கலாம் என்பது எதிர்பார்ப்பு. 1943 டிசம்பரில் முதல் குழுக்கள் கிளம்பின.

போனவர்களில் பலர் எழுத்தர்கள், ஆசிரியர்கள். மண்வெட்டி பிடித்துப் பழக்கமே இல்லை. நிலம் பயிருக்கு ஏற்றதாக இல்லை, தண்ணீர் பற்றாக்குறை வேறு. எல்லாவற்றுக்கும் மேலே மலேரியா. மருந்து கிடையாது. நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள், பல குடும்பங்கள் பாதியாகத் திரும்பின.

டெவால்ஸ் பாதுகாப்பாகச் சிங்கப்பூரில் இருந்துகொண்டு உத்தரவு போடவில்லை. அங்கேயே தங்கி, நிலத்தில் இறங்கி வேலை செய்தார். காலில் பட்ட காயம் நஞ்சாகி, 1945 ஜனவரியில் உயிரிழந்தார். போர் முடிய இன்னும் எட்டு மாதம் இருந்தது.

அந்த முடிவு சரியா, தவறா? இன்றுவரை விவாதம் உண்டு. பஹாவில் உறவினரை இழந்த குடும்பங்களுக்கு அது வெறும் வரலாற்றுக் கேள்வியும் இல்லை. ஒன்று மட்டும் சொல்லலாம். மக்களை அனுப்பிய இடத்துக்கு அவரும் போனார், அவர்களைத் தாக்கிய ஆபத்து அவரையும் விடவில்லை.

போருக்குப் பிறகு: மருத்துவமனையும் உண்டியலும்

போருக்குப் பிந்திய சிங்கப்பூரில் காசநோய் பெரும் மிரட்டல். அரசாங்கம் கேட்டுக்கொண்டதால் பிரான்சிஸ்கன் சபைக் கன்னியாஸ்திரிகள் 1949இல் வந்து டான் டோக் செங் மருத்துவமனையின் காசநோய்ப் பிரிவில் தாதியரானார்கள். தொழுநோயாளிகள் இருந்த டிரஃபால்கர் இல்லத்துக்கும் போனார்கள். பலர் கிட்டப் போகவே பயந்த காலம் அது. பிறகு அவர்கள் தொடங்கிய மருத்துவமனை உங்களுக்குத் தெரிந்ததுதான்: மவுண்ட் அல்வெர்னியா, 1961.

சரி, பாதிரியாரும் கன்னியாஸ்திரியும் மட்டும்தானா? இல்லை. இ பெங் லியாங் ஒரு கணக்காய்வாளர். ஊரில் எந்த நற்பணி அமைப்பு தடுமாறினாலும் கணக்கைச் சீர்செய்யவும் நிதி திரட்டவும் இவரைத்தான் கூப்பிடுவார்களாம். 1983இல் கம்யூனிட்டி செஸ்ட் தொடங்கியபோது இவரே அதன் முதல் தலைவர்.

அதன் யோசனை எளிது. ஒவ்வோர் அமைப்பும் தனித்தனியாகக் கையேந்தினால், பிரபலமானவற்றுக்கு மட்டும் பணம் போய்ச் சேரும். எல்லாருக்கும் பொதுவாக ஓர் உண்டியல் வைத்தால் சிறிய அமைப்புக்கும் பங்கு கிடைக்கும். மாதச் சம்பளத்திலிருந்து சின்னத் தொகையை நேரடியாக அதற்கு அனுப்பும் ஏற்பாடு இன்றும் பல நிறுவனங்களில் இருக்கிறது. கத்தோலிக்கரின் பணம் கத்தோலிக்கருக்கு என்ற கணக்கே அதில் இல்லை. 1994இல் மறைந்த அவரைச் சிங்கப்பூர் அறப்பணியின் தந்தை என்று சொல்கிறார்கள்.

மெக்நேலி: கலை படித்தால் சோறு கிடைக்குமா?

ஜோசஃப் மெக்நேலி அயர்லந்தில் 1923இல் பிறந்தவர், டி லா சால் சபைச் சகோதரர், சிற்பி. பெரெல் 1852இல் அழைத்து வந்தாரே, அதே சபை. 1946இல் செயின்ட் ஜோசப்ஸில் ஆசிரியராகச் சேர்ந்தார். பின்னாளில் செயின்ட் பேட்ரிக்ஸ் பள்ளியின் தலைமையாசிரியரானார்.

ஆசிரியர் பணி முடிந்தது, ஓய்வெடுக்கலாம் என்ற வயதில், 1984இல், செயின்ட் பேட்ரிக்ஸ் வளாகத்திலேயே சில அறைகளில் ஒரு கலை நிலையத்தைத் தொடங்கினார். டாக்டர், வழக்கறிஞர், பொறியாளர், இதைத் தவிர வேறு கனவே காணாத காலம். 'கலை படிச்சு என்ன பண்ணப் போற?' என்ற கேள்வி இன்றைக்கே வீட்டுக்கு வீடு ஒலிக்கிறது, அப்போ எப்படி இருந்திருக்கும்னு நினைச்சுப் பாருங்க.

அந்த நிலையம்தான் இன்றைய லசால் கலைக்கல்லூரி. பெயர் அந்தச் சபையிலிருந்து வந்தது. மெக்நேலி 1985இல் சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்றார், 2002இல் காலமானார். கல்லூரி இப்போது இருப்பது ரோச்சோரில், மெக்நேலி ஸ்ட்ரீட், எண் 1. லூர்து மாதா தேவாலயமும் அதே வட்டாரத்தில்தான். 2024இல் லசாலும் நாஃபாவும் சேர்ந்து சிங்கப்பூர்க் கலைப் பல்கலைக்கழகமாக உருவெடுத்தன.

சிறைக்குள் நடந்த சகோதரி

1938இல் பிறந்த யுரேசியரான சகோதரி ஜெரார்ட் ஃபெர்னாண்டஸ், நல்லாயன் சபைக் கன்னியாஸ்திரி. நல்லாயன் பேராலயத்தின் பெயரோடு பொருந்துகிறது, இல்லையா?

1970களிலிருந்து சிறைக்குப் போய்க் கைதிகளைச் சந்தித்தார். மரண தண்டனை விதிக்கப்பட்டவர்களோடு கடைசிவரை துணையிருந்தார். 30 ஆண்டுக்கும் மேற்பட்ட காலத்தில் அப்படி 18 பேர். அவர்களில் ஒருவர், அவர் முன்பு கற்பித்த மாணவி.

தண்டனை சரியா, தவறா என்பது வேறு விவாதம். கைதிகள் செய்த குற்றத்தை அவர் சிறிதாக்கவில்லை, பாதிக்கப்பட்ட குடும்பங்களை மறக்கவும் இல்லை. எவ்வளவு கொடுமையானதைச் செய்தவரும், செய்த அந்த ஒரு செயல் மட்டுமே ஆகிவிடமாட்டார் என்பது அவரது நிலைப்பாடு. 2019இல் பிபிசியின் 100 பெண்கள் பட்டியலில் அவர் இடம்பெற்றார்.

இப்போது என்ன மிச்சம்?

2022இல் பேராயர் வில்லியம் கோ, சிங்கப்பூரின் முதல் கர்தினால் ஆனார். 2024 செப்டம்பரில் போப் பிரான்சிஸ் வந்தபோது தேசிய விளையாட்டரங்கம் நிரம்பி வழிந்தது. 12, 13 பேரில் தொடங்கிய சமூகம் இது.

ஆனால் மேலே பார்த்த பெயர்களை மறுபடி ஓட்டிப் பாருங்கள். அவர்கள் நின்ற இடம் பெரும்பாலும் விளிம்பில்தான். வாசலில் விடப்பட்ட சிசு. தன் மொழியில் பேச ஆள் இல்லாத தமிழர். யாரும் நெருங்காத தொழுநோயாளி. கலை படிக்க இடமில்லாத மாணவர். தூக்குக்குக் காத்திருந்த கைதி. 'இவங்களை யார் பார்த்துப்பாங்க?' என்ற கேள்விக்கு, ஒவ்வொரு காலத்திலும் ஒருவர் பதில் சொல்ல முன்வந்திருக்கிறார்.

இந்த வேலையைக் கத்தோலிக்கர்கள் மட்டும் செய்யவில்லை. கோயில்களும் பள்ளிவாசல்களும் சீனச் சங்கங்களும் வெவ்வேறு விதத்தில் செய்திருக்கின்றன. அவை தனித்தனிக் கட்டுரைகள்.

கட்டடங்களின் வேலை மாறிவிட்டது. கான்வென்ட் உணவகங்களாச்சு, பள்ளி அரும்பொருளகமாச்சு. வாசலில் குழந்தையை விடவேண்டிய நிலை இன்றைக்கு இல்லை. ஆனால் கவனிப்பார் இல்லாமல் இருப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். தனியாக வாழும் முதியவர், விடுமுறை நாளில் போக இடமில்லாத வெளிநாட்டு ஊழியர், பள்ளியில் யாரும் பேச்சுக் கொடுக்காத அந்தப் பிள்ளை.

நண்பர்களோடு அடுத்த தடவை சைம்ஸ் பக்கம் போகும்போது, விக்டோரியா ஸ்ட்ரீட் பக்கம் அந்தச் சின்ன வாசலைத் தேடிப் பாருங்க. ரெண்டு நிமிஷம் போதும்.